துவைனம்: ஓர் அருகிய ஆங்கிலக் குடும்பப் பெயரின் வழித்தடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தைப் பற்றிப் படிப்போர் துவைனந்துரை என்னும் பெயரைச் சந்திக்காமல் அப்பாற் செல்லுதல் அரிது. வில்லியம் குறொவ்ற்றன் துவைனம் என்பது அவரது முழுப்பெயர். 1869ஆம் ஆண்டிலிருந்து 1896ஆம் ஆண்டுவரை, இருபத்தேழு ஆண்டுகள், அவர் வட மாகாணத்தின் அரசாங்க அதிபராக இருந்தார். ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து தானும் குழந்தை பெறும் காலம் அது. அவருடைய ஆட்சியைப் புகழ்ந்தோரும் உளர்; வன்மையாகக் கண்டித்தோரும் உளர். ஆயின் அப்பெயரைப் பெயராக மாத்திரம் எடுத்து நோக்குவோர் குறைவு. ‘துரை’ என்ற ஒட்டினைக் களைந்துவிட்டால் எஞ்சும் ‘துவைனம்’ எங்கிருந்து வந்தது?

பிரித்தானியாவில் ஸ்மித் என்னும் குடும்பப் பெயரைத் தாங்கியோர் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர். கொல்லன் இல்லாத ஊர் இல்லையாதலால் கொல்லனைக் குறித்த அப்பெயர் நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியே தோன்றிப் பெருகிற்று. துவைனம் அவ்வாறானதன்று. ஆங்கிலேயரிற் பலர் தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் கேட்டிராத பெயர் அது. ஸ்மித் என்ற பெயர் அதனைத் தாங்கியவனைப் பற்றி யாதும் கூறுவதில்லை. அருகிய பெயரோ தன் ஊரைக் கையிற் பிடித்துக்கொண்டே திரிகின்றது. அதன் சுவை அதுவே.

துவைனத்தின் ஊர் தென் இங்கிலாந்தின் கடற்கரையில் உள்ளது. ஏவன், ஸ்ரோர் என்னும் இரு ஆறுகள் ஒன்றையொன்று நெருங்கிவந்து, ஓர் ஆழமற்ற உப்பேரியிற் கலந்து, பின்னர் ஆங்கிலக் கால்வாயிற் சென்று விழும் இடம் அது. இரண்டு ஆறுகளுக்கும் நடுவே நாக்குப்போல நீண்டு கிடக்கும் நிலத்துண்டில் ஆங்கிலோ சாட்சனியர் ஓர் ஊரை அமைத்தனர். அவ்வூரை அவர்கள் குறிப்பிட்ட தொடர் ‘ஆறுகளுக்கு இடையே’ என்று பொருள்படுவது. ஒரு கருத்தில் அது பெயரே அன்று. வழி கேட்போனுக்குச் சொல்லப்படும் விடை. ‘எங்கே போகின்றாய்?’ ‘ஆற்றிடைக்கு.’ நாளடைவில் விடை பெயராயிற்று. தமிழில் ஆற்றிடைக்குறை என்றொரு சொல் உண்டு. நீர்கள் கூடுமிடத்தைக் கூடல் என்று பெயரிட்டழைத்த மரபும் உண்டு. ஆதலால் இப்பெயரின் பொருளை விளங்கிக்கொள்வதில் தமிழ் வாசகர்க்கு இடர்ப்பாடு இராது.

இப்பெயரை ஆங்கிலோ சாட்சன் வரலாற்றுக் குறிப்பேட்டிலேயே காணலாம். 899இல் மன்னன் அல்பிரட் இறந்தான். அவனுடைய மகன் எட்வேட் அரசனாக, அண்ணன் மகனான எதெல்வோல்ட் தனக்கும் உரிமை உண்டெனக் கிளர்ந்தெழுந்து இரண்டு ஊர்களைக் கைப்பற்றினான். ஒன்று விம்போண், மற்றது ஆற்றிடையூர். எட்வேட் படையுடன் வந்து பாட்பரியிற் பாசறை அமைத்ததும், வாழ்ந்தாலும் மாண்டாலும் இங்கேயே என்று வீரம் பேசியவன் இரவோடிரவாக வடக்கே ஓடிவிட்டான். தேனியரின் தாக்குதலைத் தடுக்க அமைக்கப்பட்ட அரண்நகர்களின் பட்டியலிலும் இவ்வூர் 470 ‘ஹைட்’ நிலப்பரப்புக்கு உரியதாகக் குறிக்கப்பட்டுள்ளது. 1086இல் முதலாம் வில்லியம் தொகுப்பித்த டூம்ஸ்டே ஏட்டில் அது ‘துயினம்’ என்று ஒலிக்கக்கூடிய எழுத்துக்களால் எழுதப்பட்டது.

இவ்விடத்தில் எழுத்து ஒன்றைப் பற்றிச் சிறிது நிற்றல் வேண்டும். பிற்காலத்தார் இவ்வூர்ப் பெயரை ‘துவைன்ஹாம்’ என ஹகர ஒலியைச் சேர்த்து எழுதினர். இங்கிலாந்தில் ‘ஹாம்’ என முடியும் ஊர்ப்பெயர்கள் பல. மனை, குடியிருப்பு என்பது அதன் பொருள். நோட்டிங்ஹாம், பேமிங்ஹாம் முதலியவற்றைக் கண்டு பழகிய கண்ணுக்கு இதுவும் அவ்வாறே தோன்றியிருத்தல் வேண்டும். உண்மையில் ஈற்றிலுள்ளது மனை அன்று; ஆறு என்னும் சொல்லின் பழைய பன்மை வேற்றுமை வடிவம். பழைய ஆங்கிலத்தில் அவ்வேற்றுமை உருபுகள் வழக்கொழிந்தமையால் சொல்லின் பொருள் மறைந்தது; பொருள் மறைந்தமையால் இல்லாத மனையொன்று உள்ளே புகுந்தது. ஹகரமின்றி எழுதும் குடும்பப் பெயரே மூலத்துக்கு அணித்தாக நிற்கின்றது. அக்குடும்பத்தார் இலக்கணம் அறிந்து அவ்வாறு செய்தனர் என்று கொள்ளுதல் பொருந்தாது. எழுதுபவன் காதில் விழுந்தபடி எழுதினான். தற்செயல் சரியாக அமைந்தது.

ஊருக்கு நேர்ந்தது வேறொரு கதை. 1094ஆம் ஆண்டளவில் றனல்வ் பிளம்பாட் என்னும் குரு அங்கே ஒரு பெரிய தேவாலயத்தைக் கட்டத் தொடங்கினார். கட்டட வேலையில் ஊர் பேர் தெரியாத தச்சன் ஒருவன் இருந்தானாம். அவன் கூலி வாங்கவுமில்லை, பிறரோடு உணவருந்தவுமில்லை. ஒருநாள் கூரைக்கென வெட்டிய உத்தரம் அளவிற் குறுகிப்போயிற்று. தச்சர்கள் வெட்கி வீடு சென்றனர். மறுநாட் காலையில் வந்து பார்த்தபோது உத்தரம் நீண்டு தன் இடத்திற் பொருந்தியிருந்தது. அந்தத் தச்சனைக் காணவில்லை. தச்சனாக வளர்ந்த இயேசுவே வந்தாரென்று ஊரார் நம்பினர். ஆலயம் கிறிஸ்துவின் ஆலயமாயிற்று. ஊரும் கிறைஸ்ட்சேர்ச் ஆயிற்று. சிறிது காலம் இரு பெயர்களும் இணைந்து வழங்கின. பின்னர் பழைய பெயர் உதிர்ந்தது. இன்று அவ்வூரில் ஒரு பாடசாலையும் வேறு சில இடங்களுமே பழைய பெயரைப் பேணுகின்றன. இதற்கும் மேலாக, ஆயிரம் ஆண்டுகளாக ஹம்ப்ஷயரிலிருந்த அவ்வூர் 1974ஆம் ஆண்டு நிருவாக எல்லைகள் மாற்றப்பட்டபோது டோசெற் மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. ஆகவே துவைனம் என்னும் பெயருடைய ஒருவர் தம் ஊரைத் தேசப்படத்தில் தேடினால் அப்பெயரும் இராது; தேடவேண்டிய மாவட்டமும் அதுவன்று.

இங்கிலாந்தில் குடும்பப் பெயர் என்னும் வழக்கம் மிகப் பழையதன்று. 1066இல் நோமானியர் வென்று வந்தபோது அவர்களின் பிரபுக்கள் தம் நிலங்களின் பெயரைத் தம் பெயருடன் சேர்த்து வழங்கினர். தந்தையின் நிலம் மகனுக்குச் செல்ல, பெயரும் உடன் சென்றது. பின்னைய இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் வணிகரும் உழவரும் அவ்வழக்கத்தை மேற்கொண்டனர். 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் விதிக்கப்பட்ட தலைவரி இதற்கு உதவிற்று என்பர். ஓரூரில் ஜோன் என்போர் இருபதின்மர் இருந்தால் வரி தண்டுபவன் எந்த ஜோன் என்று கேட்பான். தச்சன் ஜோன், குட்டை ஜோன், வில்லின் மகன் ஜோன், ஆற்றிடையூர் ஜோன் என்று அவன் ஏட்டில் எழுதிக்கொள்வான். தண்டல்காரன் எழுதியது பேரனுக்குப் பேரனையும் தொடர்ந்தது. தமிழரிடையே தந்தையின் பெயர் மகனுக்கு முன்னெழுத்தாக நின்று, அடுத்த தலைமுறையில் மறைந்துவிடும். பெயரைக் கொண்டு ஐந்து தலைமுறைக்கு அப்பாற் செல்லுதல் இங்கு இயலாது. ஆங்கிலேயருக்கு அது இயலும்.

ஊர்ப்பெயர் குடும்பப் பெயராவதில் ஒரு நியதி உண்டு. ஊரிலேயே இருப்பவனை ஊர்ப்பெயரால் அழைப்பதிற் பயனில்லை. அங்கே எல்லோரும் ஆற்றிடையூரார்தாம். ஊரைவிட்டு வெளியேறி, பத்து மைல் தொலைவிலோ இருபது மைல் தொலைவிலோ குடியேறியவனுக்கே அப்பெயர் ஒட்டும். ஊர்ப்பெயராலாகிய ஒவ்வொரு குடும்பப் பெயருக்குப் பின்னாலும் ஒரு புறப்பாடு இருக்கின்றது. இக்காரணத்தால் இத்தகைய பெயர்கள் தம் ஊருக்கு உள்ளே அன்றி, அதனைச் சூழ்ந்த வளையமொன்றிலேயே மிகுதியாகக் காணப்படுதல் இயல்பு. துவைனத்தின் தாயகம் ஹம்ப்ஷயரே. அந்த மாவட்டத்தின் சுண்ணக்கல் மேடுகளில் ஆடு வளர்த்தும் கோதுமை விளைத்தும் வாழ்ந்த உழவர்களிடையே அது நெடுங்காலம் நிலைத்திருந்தது. ஜோன் துவைனம் என்ற ஒருவர் 1830ஆம் ஆண்டையொட்டி ஹம்ப்ஷயர் இனப் பெட்டையாடுகளைக் கொட்ஸ்வோல்ட் இனக் கிடாய்களுடன் சேர்த்து ஒரு கலப்பினத்தை உருவாக்கினார். பின்னர் ஒக்ஸ்போட் டவுன் என்று பெயர்பெற்ற செம்மறியினத்தின் தொடக்கத்தைப் பேசுவோர் அவரையும் நினைவுகூர்வர். ஆட்டினத்துக்கு ஒக்ஸ்போட்டின் பெயர் வாய்த்தது. துவைனத்தின் பெயர் வாய்க்கவில்லை.

அருகிய பெயர்களைத் தேடிச் செல்வோரைப் பொய்வழியில் இட்டுச் செல்வது ஒலியொப்புமை. ஸ்கொத்லாந்தின் தென்மேற்கில் கலோவேப் பகுதியில் துவைன்ஹோம் என்று ஓரூர் உண்டு. அதன் பெயரைத் தாங்கிய குடும்பமொன்று இடைக்கால ஆவணங்களில் வருகின்றது. எல்லைப்புறத்து ஊர்களிற் காணப்படும் ‘துவைனேம்’ முதலான வடிவங்கள் அதன் வழிவந்தவை. அவற்றை ஹம்ப்ஷயர்ப் பெயருடன் ஒன்றாக்கி எண்ணிவிட்டால் பெயரின் பரம்பல் நாடு முழுவதும் பரந்து, உண்மை கெடும்.

இதனினும் கவர்ச்சி மிக்க பொய்வழி ஒன்றுண்டு. சமசெற் மாவட்டத்தைச் சேர்ந்த அங்கரெற் துவினிஹோ என்னும் கைம்பெண் கிளாறன்ஸ் கோமகனின் மனைவி இசபெல்லிடம் பணிபுரிந்தவள். இசபெல் 1476 டிசெம்பரில் இறந்தாள். மகப்பேற்றின் பின் வந்த நோயே காரணமென இன்று பலரும் கருதுவர். கோமகனோ அங்கரெற் பானத்தில் நஞ்சு கலந்தாள் என்றான். 1477 ஏப்பிரில் 12ஆம் நாள் அவனுடைய ஆட்கள் அவளை வீட்டிலிருந்து இழுத்துச் சென்று, மூன்று மாவட்டங்களைக் கடந்து, வோறிக் நகரிற் கொண்டுபோய் நிறுத்தினர். 15ஆம் நாள் வழக்கு, தீர்ப்பு, தூக்கு. எல்லாம் ஒரே நாளில், சில மணி நேரத்துள் முடிந்தன. தீர்ப்பளித்த நடுவர் குழுவினர் கோமகனுக்கு அஞ்சியே அவ்வாறு செய்தனர் என்பது பின்னர் வெளிப்பட்டது. மறு ஆண்டு அவளுடைய வாரிசான றொஜர் துவினிஹோ அரசனிடம் முறையிட, தீர்ப்புச் செல்லாதென நீக்கப்பட்டது. கிளாறன்ஸ் கோமகனும் இராசத் துரோகத்துக்காக அதற்குள் கொல்லப்பட்டிருந்தான். துவைனம் குலத்தின் வரலாற்றை எழுதப் புகுவோனுக்கு இந்நிகழ்ச்சியை உள்ளே சேர்த்துக்கொள்ள ஆசை எழும். ஆயின் பாத் நகருக்கு அண்மையில் துவின்ஹோ என்று ஒரு சிற்றூர் உண்டு. அங்கரெற் வாழ்ந்த சமசெற்றிலேயே அது உள்ளது. அவளுடைய பெயர் அதனோடு முற்றாகப் பொருந்துகின்றது. ஆதலின் ஆசையை விட்டுவிடல் வேண்டும். குலவரலாறு எழுதுவோர் பலர் இத்தகைய இடத்திலேயே தவறுகின்றனர். தமக்கு உறவில்லாத தியாகியையும் தம் முன்னோராக்கிக்கொள்ளும் வேட்கை ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதன்று.

பெயர்களின் பரம்பலை எண்ணிக்கையால் ஆராயும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிற்று. ஹென்றி புறூம் கப்பி 1890இல் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு மாவட்டத்திலும் எப்பெயருடையோர் எத்தனையர் என்று கணக்கிட்டார். எல்லோரையும் எண்ணாது உழவரை மட்டும் எண்ணினார். மண்ணோடு பிணைந்திருப்பவன் இடம்பெயர்தல் குறைவு என்பது அவர் கருத்து. கப்பி என்பதும் டோசெற்றைச் சேர்ந்த அருகிய பெயர்தான். திரினிடாட்டில் வாழ்ந்த மற்றொரு கப்பியின் பெயர் ஒரு சிறிய மீனுக்குச் சூட்டப்பட்டு, இன்று கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் சிறுவர் அனைவரதும் வாயில் வழங்குகின்றது. கப்பிக்குப் பின் வந்தோர்க்கு வேறு சான்றுகள் துணைநின்றன: 1538இல் தோமஸ் குறொம்வெல்லின் ஆணையால் தொடங்கிய கோவிற்பற்றுப் பதிவேடுகள், 1837 முதலான பிறப்பு இறப்புப் பதிவுகள், 1841இலிருந்து பெயர் வாரியாகக் கிடைக்கும் குடிசன மதிப்பீடுகள். இவற்றுள் 1881ஆம் ஆண்டின் மதிப்பீடு முழுவதும் படியெடுக்கப்பட்டுவிட்டமையால் ஆய்வாளர் அதனையே பெரிதும் நாடுவர். புகையிரதம் வந்து அரை நூற்றாண்டாகியும் அருகிய பெயர்களிற் பெரும்பாலானவை தாம் தோன்றிய இடத்தைச் சூழவே திரண்டு கிடந்ததை அது காட்டுகின்றது.

ஒரு பெயர் ஏன் அருகுகின்றது? அப்பெயருடையோர் வலியற்றவர், அறிவற்றவர் என்பதாலா? பிரான்சிஸ் கால்ற்றன் என்னும் அறிஞரை இவ்வினா வருத்திற்று. புகழ்பெற்ற குடும்பங்களின் பெயர்கள் மறைந்து வருவதைக் கண்ட அவர், 1873இல் இதனை ஒரு கணித வினாவாக்கிச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். ஹென்றி வில்லியம் வற்சன் என்னும் குரு விடையளித்தார். பெயர் ஆண்வழியே செல்கின்றது. ஒருவனுக்கு ஆண்மக்கள் இல்லாமலிருக்கலாம். ஒருவர், இருவர், மூவர் இருக்கலாம். ஒவ்வொரு தலைமுறையிலும் இது சூதாட்டம்போல நிகழும். ஒரு தலைமுறையில் எல்லோருக்கும் பெண்மக்களே பிறந்தால் பெயர் முடிந்தது. அதற்கு மீட்சி இல்லை. வற்சன் கணித்து, எல்லாப் பெயர்களும் ஈற்றில் அழிந்தே தீரும் என்றார். அவருடைய கணக்கில் ஒரு தவறு இருந்தது. சமன்பாட்டின் மற்றொரு தீர்வை அவர் கவனிக்கத் தவறினார். 1930 அளவில் அது திருத்தப்பட்டது. சனத்தொகை பெருகும் நாட்டிற் சில பெயர்கள் தப்பிவிடும். எனினும் அல்பிரட் லொட்கா ஐக்கிய அமெரிக்க வெள்ளையரின் புள்ளிவிவரங்களைக் கொண்டு கணித்தபோது, ஒரே ஆணிலிருந்து தொடங்கும் ஒரு பெயர் என்றேனும் அழிந்துபோவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 0.82 என்று கண்டார். பத்தில் எட்டுக்கு மேல்! தகுதியும் திறமையும் இதில் இடம்பெறவே இல்லை. மேன்மக்களின் இரத்தம் பற்றிக் கவலைகொண்ட கால்ற்றனுக்குக் கிடைத்த விடை இரத்தத்தைப் பற்றியதன்று. வெறும் தற்செயலைப் பற்றியது.

பெண்கள் இக்கணக்கில் இல்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. துவைனம் குடும்பத்திற் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தாலும் அவர்கள் துவைனங்கள் அல்லர். பெயர் அழிகின்றது என்று கூறும்போது குடும்பம் அழிகின்றது என்று பொருளாகாது. தந்தைவழி என்னும் ஒரு மெல்லிய நூல் அறுகின்றது, அவ்வளவே.

அந்நூலினை இரத்தத்திலேயே தொட்டுப் பார்க்கும் வழி அண்மைக்காலத்தில் வந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ‘வை’ நிறமூர்த்தம் குடும்பப் பெயர் செல்லும் பாதையிலேயே செல்கின்றது. லெஸ்ரர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த துரி கிங், மார்க் ஜொப்லிங் முதலியோர் ஒரே குடும்பப் பெயருடைய ஆடவர் இருவர் இருவராக 150 சோடிகளைச் சோதித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். மொத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே பொது முன்னோரை உடையவராயிருந்தனர். அருகிய பெயர்களை மட்டும் எடுத்தபோது அது கிட்டத்தட்டப் பாதியாக உயர்ந்தது. ஸ்மித்தும் ஸ்மித்தும் அந்நியர். அருகிய பெயருடைய இருவரோ, ஒருவரையொருவர் அறியாவிடினும், உறவினராயிருத்தல் கூடும்.

அவ்வாய்வுகளுள் ஒன்று வியப்பிலும் ஆழமானது. வம்சத்தில் எவரும் ஆபிரிக்கர் இருந்ததாக அறியாத வெள்ளை இங்கிலாந்தர் ஒருவரிடம், மேற்கு ஆபிரிக்காவில் மட்டுமே காணப்பட்ட மிகப் பழைய வகை ‘வை’ நிறமூர்த்தம் இருக்கக் கண்டனர். அவருடைய குடும்பப் பெயர் கிழக்கு யோக்ஷயருக்கே உரிய அருகிய பெயர். அப்பெயருடைய வேறு ஆடவரையும் தேடி மொத்தம் பதினெண்மரைச் சோதித்ததில் எழுவரிடம் அதே வகை இருந்தது. வம்சவரிசைகளைப் பின்னோக்கித் தொடர்ந்தபோது அவை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் யோக்ஷயரில் வாழ்ந்த இருவரிடம் சென்று நின்றன. அவ்விருவருக்கும் முன்னே, என்றோ ஒருநாள், ஓர் ஆபிரிக்க ஆடவன் அந்நாட்டில் வாழ்ந்திருத்தல் வேண்டும். உரோமப் படையுடன் வந்தவனோ, அடிமையாகக் கொண்டுவரப்பட்டவனின் வழிவந்தவனோ, சான்று இல்லை. 2007இல் வெளிவந்த அக்கட்டுரை அக்குடும்பப் பெயரை வெளியிடவில்லை. பெயர் மிக அருகியதாதலால் பெயரைச் சொல்லுதல் ஆட்களைச் சுட்டுதலாகும். கலப்பற்ற ஆங்கிலக் குலம் என்று பெருமை பேசுவோர் தம் பெயரின் அருமையையே சான்றாகக் காட்டுவதுண்டு. அதே அருமை அவர்கள் விரும்பாத சாட்சியத்தையும் கூறக்கூடும்.

துவைனத்துக்குத் திரும்பலாம். பெயரின் பரம்பலை ஹம்ப்ஷயருடன் நிறுத்திக்கொண்டால் பாதிக் கதையே சொன்னதாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் கப்பலேறின. ஒரு துவைனம் அவுஸ்திரேலியாவுக்குச் சென்றார். எட்வேட் துவைனம் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்ற நாட்டின் நில அளவைத் தலைவராக உயர்ந்தார். கோல்பேண் நகரில் அவர் வாழ்ந்த ரிவர்ஸ்டேல் என்னும் இல்லம் இன்று தேசிய மரபுரிமைச் சொத்தாகப் பேணப்படுகின்றது. ‘ஆற்றுப் பள்ளத்தாக்கு’ என்பது அவ்வீட்டின் பெயர். குடும்பத்தை நீர் விடாது தொடர்ந்தது போலும். அவருடைய பெயரால் அழைக்கப்படும் துவைனம் மலை 2,195 மீற்றர் உயரமுடையது. அவுஸ்திரேலியப் பெருநிலத்தின் சிகரங்களுள் மூன்றாவது. கடல்மட்டத்திற் கிடக்கும் ஆற்றிடைத் திட்டொன்றின் பெயர் பனிமூடும் மலையுச்சியில் ஏறியமர்ந்தது. அங்கே அந்த மலைக்கு அதற்கு முன்பே ஒரு பெயர் இருந்திருக்குமா என்று நில அளவையாளர் கேட்டிருப்பார்களா என்பது வேறு வினா.

மற்றொரு கிளை இலங்கைக்கு வந்தது. கப்டன் துவைனம் என்பவர் காலித் துறைமுகத்தின் அதிகாரியாக இருந்தார். கொழும்புத் துறைமுகம் கட்டப்படுமுன் நீராவிக் கப்பல்கள் எல்லாம் காலியிலேயே தங்கிச் சென்ற காலம் அது. அவருடைய மகனே வில்லியம். 1827இற் பிறந்த அவர் இந்நாட்டு அரச சேவையிற் சேர்ந்து, டைக் துரைக்குப் பின் சிறிது இடைவெளிவிட்டு, வடக்கின் அதிபதியானார். வரி, வீதி, குளம், காணி, தலைமைக்காரர் நியமனம், வழக்கு, முத்துக்குளிப்பு அனைத்தும் அவர் கைப்பட்டவை. முத்துக்குளிப்பைப் பற்றி அவர் எழுதிய அறிக்கையைப் பிற்கால அறிஞரும் எடுத்தாண்டனர். ஹம்ப்ஷயரில் எண்ணிச் சொல்லக்கூடிய சிலருடைய பெயர், இங்கே பல இலட்சம் மக்களின் வாழ்வின்மீது நிழலாக விழுந்தது. அப்பெயருக்கு அதன் சொந்த மண்ணில் இத்தகைய கனம் ஒருபோதும் இருந்ததில்லை.

1870களின் பிற்பகுதியில் பஞ்சமும் வாந்திபேதியும் யாழ்ப்பாணத்தை வாட்டின. கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தோர்க்கு உணவளித்த ஆறுமுக நாவலர், துவைனந்துரையின் நிருவாகத்தைக் கண்டித்து எழுதவும் பேசவும் செய்தார். இருபது முப்பது ஆண்டுகளாகச் சமயவாதிகளோடு வாதிட்டுக் கூர்மையேறிய உரைநடை அரசாங்கத்தின் பக்கம் திரும்பியது அப்பொழுதுதான். குடிகள் மடியும்போது அதிபர் என்ன செய்தார் என்பதே அவர் தொடுத்த வினாவின் சாரம். அதற்கு முன்னர் தமிழில் ஓர் அரசாங்க அதிபரைப் பெயர் சுட்டி இவ்வாறு வினவும் துணிவு எளிதிற் காணக்கூடியதன்று. நாவலர் 1879இல் மறைந்தார். துவைனம் மேலும் பதினேழு ஆண்டுகள் பதவியில் இருந்தார். ஓய்வுபெற்ற பின்னரும் தாய்நாடு செல்லாது யாழ்ப்பாணத்திலேயே தங்கினார். 1922இல், தொண்ணூற்றைந்து வயதளவில், காலமானார். அவரை நேசித்தோரும் இங்கே இருந்தனர் என்பதற்கு அந்நீண்ட தங்குதலே சான்றாகலாம். தன்னைக் கண்டித்தோரிடையே ஒருவர் இருபத்தாறு ஆண்டுகள் வீணே தங்குவதில்லை. எனினும் அந்தப் பஞ்சத்தைப் பற்றி நாவலர் தொடுத்த வினா விடைபெறாமலே உள்ளது.

பெயருக்கு இங்கே நேர்ந்த மாற்றம் வேறெங்கும் நேராதது. தமிழிற் சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் அடுத்து நில்லா. ஆதலால் ஓர் உகரம் இடையே புகுந்து அதனைத் ‘துவைனம்’ ஆக்கிற்று. ஈறு மகரமாதலால் அது மரம், நிலம் என்பவற்றைப்போல ஒரு தமிழ்ச் சொல்லின் சாயலைப் பெற்றது. அதனுடன் ‘துரை’ சேர்ந்தபோது மகரம் வல்லெழுத்துக்கு இனமாகத் திரிந்து ‘துவைனந்துரை’ என்றாயிற்று. மனுவெழுதிக் கொடுத்தோரும், கச்சேரி வாசலிற் காத்துநின்ற உழவரும் நன்னூல் விதியை நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள். ‘ஹாம்’ என்ற பொய்யான மனையும் அவர்கள் நாவில் ஏறவில்லை. நாவலரின் அச்சுக்கூடத்து எழுத்துக்களும் கிராமத்து மனுக்களும் கண்டது ஹகரமில்லாத வடிவத்தையே; டூம்ஸ்டே ஏட்டின் எழுத்தன் 1086இல் கேட்டதும் ஏறக்குறைய அதுவே.